அடிக்கடி வரும் நோயாளி: ஒரு பாத்திரவார்ப்பு பற்றிய விமர்சனக் குறிப்பு

நாவலும் சிறுகதையும் மட்டுமே பாத்திரங்களைப் படைப்பனவல்ல. நகர்ப்புறச் சிகிச்சை நிலையங்களைப் பற்றிய மருத்துவ எழுத்துக்களும் ஒரு பாத்திரத்தைப் படைத்துள்ளன. அடிக்கடி வரும் நோயாளியே அப்பாத்திரம். தடித்த கோவை, முடிவுறாத முறைப்பாடு, வைத்தியரின் சலிப்பு என்பன அதன் அடையாளங்கள். இப்பாத்திரம் யாருடைய நோக்குநிலையிலிருந்து வார்க்கப்பட்டது என்பதே நமது வினா.

1988 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று, கண்டதும் உள்ளத்தைச் சோரவைக்கும் நோயாளர் என்னும் கருத்துடைய தொடரைப் பிரபலமாக்கியது. சோர்வது வைத்தியரின் உள்ளம். பெயர் பெறுபவரோ நோயாளி. எடுத்துரைப்பவரின் உணர்ச்சி இங்கு பாத்திரத்தின் பண்பாகிவிடுகின்றது.

இதற்கு முன்னரே, 1957 இல், உளப்பகுப்பாய்வாளர் மைக்கல் பாலின்ற் இதனினும் ஆழமாக நோக்கியிருந்தார். லண்டனிற் பொது வைத்தியர்களுடன் நடத்திய கருத்தரங்குகளிலிருந்து பிறந்த அவரது நூல், மீண்டும் மீண்டும் வருதலே சொல்லப்படாத ஒன்றைச் சொல்லும் முயற்சியாகலாம் என உணர்த்தியது. இது பெரும் பேறு. எனினும் அவரது களம் பெரும்பாலும் வைத்தியரின் அறையே. அறைக்கு வெளியேயுள்ள கூலியும் வாடகையும் அங்கு மங்கலான பின்னணியாகவே நின்றுவிடுகின்றன.

2011 இல் அதுல் கவாண்டே 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இக்களத்தை விரித்தது. நியூ ஜேர்சியின் வறிய நகரான கம்டனில், நோயாளருள் நூற்றுக்கு ஒருவராயினோர் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 30 வீதத்திற்குக் காரணராயினர் என்பதை வைத்தியர் ஜெஃப்ரி பிரெனர் கண்டறிந்தார். அவரது குழுவினர், மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வருவோரைத் தேடிச்சென்று ஆரம்ப சிகிச்சையுடன் இணைத்தனர். நகரையே களமாக்கிய இவ்வெழுத்து யதார்த்தத்தை நெருங்கிற்று. ஆயின் கதையின் நாயகர் வைத்தியரே. தொழிலாளர் தாமாக இயங்காத கூட்டமாகவும், மீட்சி மேலிருந்து வருவதாகவும் சித்திரிக்கப்படுவதை 1888 இல் மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் கண்டித்தமை இங்கு மனங்கொளத்தக்கது.

2020 இல் 800 நோயாளரைக் கொண்ட ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களுள் மருத்துவமனைக்குத் திரும்பியோர், உதவி பெற்றவரிடையிலும் பெறாதவரிடையிலும் ஏறத்தாழ 62 வீதத்தினரே. துன்பத்தின் உச்சத்தில் தெரிவு செய்யப்பட்டோரின் வருகை, எவர் தலையிடாவிடினும் பின்னர் ஓரளவு குறையும். உச்சத்தில் தொடங்கும் கதை அத்தணிவை நாயகனின் வெற்றியெனக் காட்டிவிடுகின்றது. அக்குழுவினரின் உழைப்பு பொய்யன்று. ஆனால் இல்லாத வீட்டை இணைப்புப் பணியால் உண்டாக்கிவிட முடியாது.

பிறிதொரு வாசிப்பும் இருந்தது. 1965 இல் பொஸ்டனின் கொலம்பியா பொயின்ற் குடியிருப்பிற் சமுதாய சுகாதார நிலையத்தைத் தொடக்கியோருள் ஒருவர் ஜக் கைகர். மிசிசிப்பியின் கிராமப்புறத்தில் அவர்கள் அடுத்து நிறுவிய நிலையம், பசியால் நலிந்தோருக்கு உணவையே மருந்தாக எழுதிக்கொடுத்து மருந்துச் செலவிற் கணக்கிட்டது. இங்கு வருகையின் எண்ணிக்கை நோயாளியின் குறையன்று. சமுதாயத்தின் மீதான சாட்சியம்.

எனினும் வறுமையொன்றே அனைத்தையும் விளக்கும் எனக் கொள்வது நம்மவரின் இயந்திரப் பாங்கான தவறாகும். நீரிழிவாளரும் முதியோரும் அடிக்கடி வரவேண்டியவர்களே. மேலும், தேவை மிகுந்த இடத்திலேயே நல்ல சிகிச்சை அருகிக் கிடைக்கின்றது என 1971 இல் வேல்ஸ் வைத்தியர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் சுட்டினார். ஆகவே அடிக்கடி வருபவரை மட்டும் எண்ணும் எழுத்து, வரவே இயலாதவரைக் காணாது விடுகின்றது. அவரும் இடம்பெறும் வரை இப்பாத்திரவார்ப்பு முழுமையடையாது.