கீரைக்குத் தோட்டம், சோற்றுக்குக் கப்பல்

நகரத்துத் தரிசு மனைகளில் காய்கறி வளர்க்கலாம் என்று பேச்செடுத்தால், யாராவது ஒருவர் கியூபாவின் தலைநகர் ஹவானாவைச் சொல்லாமல் விடமாட்டார். அந்த ஊர் சாதித்தது உண்மை. எதைச் சாதித்தது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் கியூபாவுக்கு மலிவாக வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் நின்றுபோயின. விளைந்ததை நகரத்துக்கு ஏற்றிவர லாரிக்கு டீசல் இல்லை. ஹவானா மக்கள் குப்பை கொட்டிக் கிடந்த மனைகளில் பாத்தி கட்டினார்கள். 'ஆர்கனோபோனிகோ' என்று அதற்குப் பெயர். கட்டட இடிபாடு கலந்த மண்ணில் நேராக விதைத்தால் தேறாது. ஆகவே கான்கிரீட் பலகையோ பழைய ஓடோ கிடைத்ததை வைத்துக் கரை கட்டி, மட்கிய சாணமும் கரும்பாலைக் கழிவும் மண்புழு உரமும் நிரப்பினார்கள். ஓரங்களில் மக்காச்சோளம், துலுக்கச் சாமந்தி. பூச்சிக்கு நம் ஊர் வேம்பு.

கிழக்கு ஹவானாவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் அலமார் தோட்டம் இதற்கு நல்ல சான்று. 1997இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தொடங்கிய அந்தக் கூட்டுறவு, சுமார் 25 ஏக்கராக வளர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. பறித்த கீரை தோட்ட வாசலிலேயே விலை போகும். தரகு, லாரி வாடகை, குளிர்பதனக் கிடங்கு என்று எந்தச் செலவும் இல்லை. லாபத்தில் உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு.

இந்தக் கணக்கு சரியாக வந்ததற்கு முக்கியக் காரணம், நிலத்துக்கு விலை இல்லாததுதான். மனை அரசுடையது, பயிரிடும் உரிமை மட்டும் மக்களுக்கு. சதுர அடிக் கணக்கில் மனை விற்கும் ஊரில், பல ஆண்டு உழைத்துத் தேற்றிய மண்ணை உரிமையாளரின் ஒரு சொல்லுக்கு விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். தண்ணீரும் அப்படித்தான். மின்சாரம் போனால் பம்பு நிற்கும். வெயிலில் கீரை ஒரே நாளில் துவண்டுவிடும்.

பெரிய குறை வேறு. ஒரு கிலோ லெட்டூஸ் கீரையில் ஏறத்தாழ 150 கலோரி. ஒரு கிலோ அரிசியில் 3,500. தோட்டத்தின் விளைச்சலை எடையில் சொன்னால் மலைப்பாக இருக்கும். பசியில் அளந்தால் சிறுத்துவிடும். கியூபர்களும் சோறு தின்கிறவர்கள். அவர்கள் உண்ணும் அரிசியில் பெரும்பகுதியும், கோதுமை முழுவதும் இன்றும் கப்பலில்தான் வருகின்றன. தோட்டத்தால் நாடே தன்னிறைவு அடைந்தது என்று எழுதுபவர்கள் காய்கறியையும் உணவையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அதற்காகத் தோட்டம் வீண் என்றாகாது. அன்று பறித்த கீரையும் கொஞ்சம் கூலியும் ஒரு தெருவுக்குச் சின்ன விஷயமல்ல. தரிசு மனையைத் தோட்டமாக்க விரும்பும் நகராட்சி, விதைப் பொட்டலம் கொடுப்பதற்கு முன் இரண்டைத் தரட்டும்: பத்தாண்டுக்கு நிலத்தின் மேல் எழுத்துப்பூர்வமான உரிமை, நிற்காத தண்ணீர். அரிசியை வயல்தான் தர வேண்டும்.