பாரிசில் ஓர் இரவும் 'பயாதேர்' நாட்டியமும்

பாரிசு மாநகரில் உயர்ந்த விடுதியொன்றில் ஓர் இரவு தங்கி, மாலையில் பாலே நாட்டியம் கண்டு மீள்வது செல்வர் பலர் விரும்பும் உல்லாசம். அறை, விருந்து, அரங்கில் இருக்கை மூன்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கி விற்கும் வாணிகமும் உண்டு. அதில் குற்றமில்லை. அவ்வாறு செல்வோர் எதைக் கண்டு திரும்புகின்றனர் என்பதே நம் வினா.

1875 இல் திறக்கப்பட்ட கார்னியே அரங்கே ஒரு பெருங்காட்சி. பளிங்குப் படிக்கட்டு, பொற்பூச்சு, சரவிளக்கு, 1964 இல் சாகால் தீட்டியளித்த விதானம் ஆகியவற்றை அண்ணாந்து பார்ப்பதிலேயே பாதி மாலை கழிந்துவிடும்! இங்கேதான் 1992 அக்டோபரில் ருடால்ஃப் நூரியேவ் அமைத்த 'லா பயாதேர்' அரங்கேறியது; பிற்காலத்தில் அது பாஸ்டீல் அரங்கிலும் ஆடப்பட்டது. இதன் மூலம், 1877 இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாரியுஸ் பெட்டிபா மின்குஸின் இசைக்கு அமைத்த நாட்டியமாகும்.

'பயாதேர்' என்பது ஆடுமகளைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. கோயிலில் ஆடும் நிக்கியா வீரன் சோலோரைக் காதலிக்கிறாள். அவனோ அரசன் மகளுக்கு மணம் பேசப்படுகிறான். பூக்கூடையில் மறைந்திருந்த பாம்பு தீண்டி நிக்கியா மாள்கிறாள். இப்பெயர்கள் எந்நாட்டுப் பெயர்களோ, நாமறியோம். அவள் காலில் சதங்கை இல்லை, அரைமண்டி இல்லை, கால்விரல் நுனியில் நின்றாடுகிறாள். இத்தனைக்கும் 1838 இலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து அம்மணி முதலிய தேவதாசியர் வந்து பாரிசில் ஆடியுள்ளனர். கோத்தியே என்னும் எழுத்தாளர் வியந்து எழுதினார்; பார் என்னும் சிற்பி அம்மணியைச் சிறு வெண்கலச் சிலையாக வார்த்தார். மெய்யான ஆடலை நேரிற்கண்ட நகரத்து மேடையில் இன்னும் ஆடுபவள் கற்பனை மாதே.

இதுகொண்டே இந்நாட்டியத்தைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பதே எம் கருத்து. முதலிரண்டு அங்கங்களில் நூரியேவ் பட்டையும் பொன்னையும் வாரி இறைத்திருப்பது மிகையே. சோலோர் யானைமீது வருவது குழந்தைகளுக்கான வேடிக்கை. மூன்றாம் அங்கத்தில் இவையெல்லாம் மறைகின்றன. துயருற்ற சோலோர் அபினி மயக்கத்தில் நிழலுலகைக் காண்கிறான். இருண்ட மேடையின் சரிவில் வெள்ளுடையில் ஒருத்தி தோன்றி, ஒரு காலைப் பின்னே உயர்த்தி, உடலை முன்சாய்த்து, நிமிர்ந்து, சில அடி வைக்கிறாள். பின்னே அடுத்தவள், மீண்டும் அதே அசைவு. இவ்வாறு 32 பேர் இறங்கி வருகின்றனர். முதலில் வந்தவளே அவ்வசைவை மிகுதியான முறை செய்தாக வேண்டும். ஒருத்தியின் கால் நடுங்கினும் வரிசை முழுதும் குலையும். ஒரே சீர் திரும்பத் திரும்ப வந்து செய்யுளுக்கு ஓசை சேர்ப்பதை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்க்கு இக்காட்சியின் ஆற்றல் எளிதில் விளங்கும். இங்கே பொய் இந்தியாவும் இல்லை, பொன்னும் இல்லை.

1961 இல் நூரியேவ் முதன்முதலாகப் பாரிசு மக்கள்முன் ஆடியது இந்நிழற்காட்சியிலேதான். அப்பயணத்தின் முடிவிலேயே சோவியத் நாட்டை நீங்கினார். 1992 இல் கடும் நோயுற்றிருந்த அவர் பெட்டிபாவின் இறுதி அங்கமாகிய கோயில் இடிவை விட்டு, நிழற்காட்சியோடு நாட்டியத்தை முடித்தார். மூன்றே திங்களில், 1993 சனவரியில், மறைந்தார்.

இரண்டாம் இடைவேளையில் விருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடும் விருந்தினர் யானையை மட்டுமே கண்டவராவர். உணவை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: கார்னியே அரங்கின் பக்கவாட்டு மாடத்திலிருந்து பார்த்தால் மேடையின் ஒரு பகுதி மறையும், நிழல்களின் வரிசை முழுதும் தெரிவது நடுவே சற்று உயர்ந்த இருக்கைகளிலிருந்துதான்.