வாட்ஸும் சுவரும்

கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில் பாட்டுப் பைத்தியம் பிடித்த தமிழர் வீடுகளில் அதற்கான இடம் பெரும்பாலும் பேஸ்மென்ட்தான். கதவைச் சாத்திவிட்டு இளையராஜா பாட்டுகளை உரக்கவே போடலாம். அங்கே பேச்சு சுற்றிச்சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வரும்: "அண்ணை, இது எத்தினை வாட்ஸ்?" பேஸ் குழம்பினால் இன்னும் பெரிய அம்பிளிபயர், குரல் மங்கினால் அதற்கும் அதே மருந்து. இந்த வழக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் எதற்கு முதலில் செலவழிப்பது என்ற வரிசையை அது தலைகீழாக்கிவிடுகிறது.

நியாயம் இதுதான். தவிலின் ஓர் அடி, கூட வரும் இசையின் சராசரியைவிட 10 டெசிபலுக்கும் மேலே எகிறும். 10 டெசிபல் என்றால் அந்தக் கணத்துக்குப் பத்து மடங்கு மின்திறன். கையிருப்பில்லாத அம்பிளிபயர் அலையின் உச்சியை வெட்டிவிடும், அடி கரகரக்கும். 4 ஓம் ஸ்பீக்கரை மலிவான ரிசீவரில் மாட்டியவர்களுக்கு இது தெரியும். பீற்றர்பரோவின் பிரைஸ்டன் நிறுவனம் தன் அம்பிளிபயர்களுக்கு 20 ஆண்டு உத்தரவாதம் தந்து பேர்வாங்கியது. அப்படியொரு பொருளில் போடும் காசு வீண் அல்ல.

ஆனால் 50 வாட்ஸிலிருந்து 100க்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற 500 வாட்ஸ் வேண்டும். 1987இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ், எது ஓடுகிறது என்று சொல்லாமல், ஒலியளவைச் சமப்படுத்தி, மலிவானதும் விலை கூடியதுமான அம்பிளிபயர்களைக் கேட்கவைத்தது. கேட்டவர்களால் அவற்றை நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அறை அப்படியல்ல. 20 அடி நீளம், 12 அடி அகலம், 7 அடி உயரமுள்ள பேஸ்மென்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியில் சில அதிர்வெண்கள் மட்டும் நிலையலையாகிப் பெருகும்: நீளத்தில் 28 ஹேர்ட்ஸ், அகலத்தில் 47, உயரத்தில் 80. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ்; இரண்டு ஃபிரெட் மேலே 46. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறை விம்மும், பக்கத்துச் சுரங்கள் அதற்குள் அமுங்கும். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். நீளவாட்டு அலையின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். நட்டநடுவில் உட்கார்ந்தாலோ 28, 47 இரண்டும் ஏறக்குறையக் காணாமல்போகும். 47 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அறையைக் குறுக்கே நடந்து பாருங்கள். நாலு எட்டுக்குள் முழக்கம் அடங்கி மறுபடி எழும்.

இப்போதைய ரிசீவர்கள் மைக் வைத்து அளந்து இதைத் திருத்துகின்றன. விம்மும் சுரத்தை அடக்க அது கெட்டிக்கார வழி. பள்ளத்தை நிரப்ப மட்டும் அதனால் ஆகாது. நேரே வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் எவ்வளவு ஊட்டினாலும் இரண்டும் சேர்ந்தே வளரும், அழிவும் வளரும். எத்தனை வாட்ஸ் வாங்கினாலும் அங்கே தோல்விதான்.

எனக்கு ஆதங்கம் எதிலென்றால், இந்த அறிவு நமக்குப் பக்கத்திலேயே விளைந்தது. ஒட்டாவாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965 முதல் 1991 வரை பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே அறையின் ஆட்சி, அதற்கு மேலே ஸ்பீக்கரின் தரம் என்று அளந்து காட்டினார். ஸ்காபரோவை அடுத்த பிக்கரிங்கில் இயங்கும் பிஎஸ்பி ஸ்பீக்கர் நிறுவனத்தின் பால் பார்ட்டன் 1970களிலேயே அந்த மன்றத்தின் எதிரொலியற்ற அறையில் தன் ஸ்பீக்கர்களை அளந்து உருவாக்கினார். நம் வீடுகளில் மட்டும் இன்னும் வாட்ஸ் கணக்கு.

சோஃபாவைச் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி முன்னே இழுப்பதற்குச் செலவே இல்லை. மூலைகளில் ராக்வூலைத் தடிப்பாக அடைக்கலாம். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் பேஸைத் தொடவே தொடாது. வாடகை பேஸ்மென்ட்டில் சுவரில் கைவைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அங்கே குடியிருப்பவர்கள் பெரிய அம்பிளிபயருக்கு ஒதுக்கிய காசில் இரண்டாவதாகச் சின்ன சப்வூஃபர் ஒன்று வாங்கி, இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கட்டும். அந்தச் சுவர்களுக்கு இடையிலான முதல் அலை பெருமளவு தணிந்துவிடும்.