மூன்று பஸ்களும் ஒரு கொடியும்

2017 பிப்ரவரியில், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில், ஃபிராவன்கிர்ஹ தேவாலயத்தின் முன்னால் மூன்று பஸ்களை நெட்டுக்குத்தாக நிறுத்தினார் மனாஃப் ஹல்பூனி. டமாஸ்கஸில் பிறந்த கலைஞர். அலெப்போவில் மறைந்திருந்து சுடுபவர்களிடமிருந்து தப்பிக்க, தெருவை மறித்து இப்படி பஸ்களை நிமிர்த்தி வைத்திருந்த 2015ஆம் ஆண்டுப் புகைப்படம்தான் இதற்கு மூலம்.

போர் நினைவுச்சின்னம் என்றாலே நமக்குக் குதிரை, வாள், பளிங்குக்கல். இது வெறும் பஸ். நேற்றுவரை வேலைக்கும் பள்ளிக்கும் போன வண்டி இன்று சுவர். அந்தச் சுவர் நிற்கும்வரைதான் அதற்குப் பின்னால் வீடு. இவ்வளவு எளிமையாகப் புகலிடத்தைச் சொன்ன படைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

1945 குண்டுவீச்சில் இடிந்து, 2005இல் மீண்டும் திறக்கப்பட்ட தேவாலயம் அது. எங்க துக்கத்துல இவனுக்கு என்ன வேலை என்கிற தொனியில் வலதுசாரிகள் திறப்பு விழாவிலேயே கூச்சல் போட்டார்கள். அதை விடுங்கள். மூலப் புகைப்படத்தில் பஸ்களின் மேல் அஹ்ரார் அல்-ஷாம் என்ற ஆயுதக்குழுவின் கொடி இருந்தது. ட்ரெஸ்டன் பஸ்களில் கொடி இல்லை. இந்தக் கேள்வியை வலதுசாரிப் புரளி என்று தள்ளிவிட முடியாது. அரணுக்குப் பின்னால் ஒண்டியிருந்த சனங்கள் கேட்டா அந்தக் கொடி ஏறியது? படைப்பு அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அதுதான் குறை.