கடற்கரைத் தலங்களும் அவற்றைக் குறித்த பதிவுகளும்

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், சீவன்முத்தர் ஒழுகுமாற்றைக் கூறுங்கால், மெய்யன்பர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே கண்டு வழிபடுமாறு பணிக்கின்றது. ஆண்டு இரண்டும் ஒருங்கு வைத்து ஓதப்பட்டமை சிந்திக்கத்தக்கது. அடியாரின்றித் திருவிழா இல்லை; திருவிழா இன்றேல் கோயில் வெறுங் கட்டடமாய் நிற்கும். ஆகலின், ஒரு தலத்தைக் கண்டு எழுதப் புகுவோர் கல்லையும் செம்பையும் எழுதி அடியாரை விடுவராயின், அவ்வெழுத்துப் பாதியே நிறைந்ததாம். இதனையே அளவுகோலாகக் கொண்டு, சோழநாட்டுக் கடற்கரைத் தலங்களைப்பற்றி எழுந்த பதிவுகளை ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் அவற்றின் பெருமையைக் கூறுதலே முறையாகும். கல்வெட்டுக்களைப் படியெடுத்து ஆராயும் அரசாங்கத் துறையினர் வெளியிட்ட 'தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்' முதற்றொகுதி 1890இல் வந்தது. 1961ஆம் ஆண்டுக் குடிமதிப்பையொட்டிச் சென்னை மாநிலத்துக் கோயில்களைப்பற்றியும் திருவிழாக்களைப்பற்றியும் தனித்தனித் தொகுதிகள் எழுந்தன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1956 முதற் கோயில்களையும் திருமேனிகளையும் ஒளிப்படம் எடுத்து, ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்துளது. தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத்தை அந்நிறுவனமே 1984 முதல் வெளியிட்டது. 2007இல் அத்திருமுறைகளைக் கணினிவழிப் பயிலுமாறும் செய்தது. சமயப்பற்று உடையார் பலர் செய்யத் தவறியதை ஆராய்ச்சிப்பற்று உடையார் செய்து முடித்தனர். இதற்கு நன்றி பாராட்டாது குறை மட்டும் காணல் நடுவுநிலைமை ஆகாது.

இவ்வுழைப்பின் பயனைத் திருவெண்காட்டிற் காணலாம். மெய்கண்டதேவரின் பிள்ளைத்திருநாமமாகிய சுவேதவனப்பெருமாள் என்பது அத்தலத்து இறைவன் திருநாமமே. அங்கே நிலத்தினின்று கிடைத்து, இப்பொழுது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகனதேவர் திருமேனி கி.பி. 1011ஆம் ஆண்டினது என்பதும், தேவியார் திருமேனி அதற்கு அடுத்த ஆண்டினது என்பதும் கல்வெட்டுக்களால் துணியப்பட்டன. அவை இல்லையேல் 'மிகப் பழையது' என்னும் சொல்லொன்றே எஞ்சியிருக்கும். தரங்கம்பாடியிலோ, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடலலை அரித்து வீழ்த்தியது. கடல் கொள்ளும் நிலத்திற் கல்லும் நிலையாது. அக்கல்லினின்று படியெடுத்த எழுத்தே நிலைக்கும்.

அற்றேல், குறை யாண்டுளது எனின், திருவிழாக்களை எழுதுமிடத்தே உளது என்க. குடிமதிப்புத் தொகுதிகள் போன்றன ஊர், மூர்த்தி, திங்கள், விழா நடக்கும் நாட்கள், கூடுவோர் தொகை என்னும் கூறுகளால் விழாவை அளக்கின்றன. அரசியல் நடத்துவார்க்கு அவ்வளவு போதும். விழாவை அறிய விரும்புவார்க்குப் போதாது.

நாகைக்காரோணத்தை எடுத்துக்கொள்க. அங்கே ஆவணித் திங்களில் அதிபத்த நாயனார் விழாவின்போது, பரதவர் படகேறிக் கடலுட் சென்று பொன்மீனை இறைவற்கு அளிப்பர். இறைவனும் கடற்கரைக்கு எழுந்தருளிக் காட்சி தந்தருள்வன். அட்டவணையில் இஃது 'ஆவணி, ஒரு நாள்' என அடங்கிவிடும். ஒளிப்படத்திலோ படகும் கூட்டமும் தெரியும். நுளைப்பாடியில் வாழ்ந்த அந்நாயனார் வலையில் முதற்கண் அகப்பட்ட மீனைச் சிவனுக்கென்று கடலில் விடும் நியமம் பூண்டவர் என்பதும், நாடோறும் ஒரு மீனே கிடைத்து அதனையும் விட்டுச் சுற்றத்தோடு பசியால் வாடியவர் என்பதும், முடிவிற் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்றே வந்தபோதும் நியமம் தவறாதவர் என்பதும் அறியாதார்க்கு அவ்விழா வேடிக்கையாகவே தோன்றும். பசித்தவன் கைப்பொருளை விடுதலே அங்குப் பொருள், பொன் அன்று. சேக்கிழார் பெருமான் நூலில் எழுதியதை அக்கடற்கரை மக்கள் ஆண்டுதோறும் செயலாற் காட்டுகின்றனர். அச்செயலுக்கு உரியார் யாவர், படகு எத்துறையினின்று புறப்படும், வலை வீசுவார் எந்நியமம் காப்பர், ஓதுவார் எப்பதிகத்தை எப்பண்ணில் ஓதுவர் என்பனவற்றை எழுதாத பதிவு, திருமேனியை எழுதி அதன் முகத்தை எழுதாமல் விட்டவாறு போலும்.

காரைக்கால் மாங்கனித் திருவிழாவும் அத்தகையதே. ஆனிப் பௌர்ணமியையொட்டிப் பிட்சாடனர் திருவுலா எழுந்தருளுங்கால், அன்பர்கள் மாங்கனிகளை வீசுவதும், பிறர் அவற்றை ஏந்திக்கொள்வதும் படமெடுப்பார் கண்ணைக் கவர்கின்றன. ஆயின் கூட்டத்தின் ஆரவாரமே எழுதப்பட்டு, பசித்துவந்த அடியார்க்கு அம்மையார் கனியிட்ட செயலின் நினைவே அது என்பது ஓரத்திற் சிறுகுறிப்பாய் ஒதுங்குமேல், விழாவின் உயிர் விடப்பட்டதாம். அம்மையாரை மணந்த பரமதத்தன் நாகை வணிகன் மகன் என்பதும், கலமேறிச் சென்று பின்னர்ப் பாண்டிநாட்டுக் கடற்றுறையில் தங்கியவன் என்பதும் நோக்கின், இவ்விரு விழாக்களும் ஒரே கடற்கரை வாழ்வினின்று முளைத்தவை என்பது புலனாம். ஊர்தோறும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கும் பதிவுகளில் இத்தொடர்பு தோன்றாது.

தலபுராணங்கள் உளவாக, வேறு பதிவு எற்றுக்கு எனின், அது பொருந்தாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் திருநாகைக்காரோணப் புராணம் இயற்றியருளினார்கள். அத்தகைய நூல்கள் மூர்த்தி தலம் தீர்த்தங்களின் சிறப்பைப் பாட எழுந்தன. இவ்வாண்டில் இந்நாளில் இவ்வாறு விழா நடந்தது எனக் குறித்தல் அவற்றின் கருத்தன்று. நம்பிக்கை இல்லாத ஆராய்ச்சியாளர்க்கு அடியார் உள்ளம் விளங்குமோ எனின், நம்பிக்கையை அவர்பால் வேண்டுவாரில்லை. கேட்டு எழுதும் பொறுமையே வேண்டப்படுவது. வலை வீசுவான் கூறும் காரணத்தை அவன் கூறியவாறே எழுதுதல் யார்க்கும் அரிதன்று.

இஃது இப்பொழுதே செய்யப்பட வேண்டியதாதலும் அறிக. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். கல் வீழின் மீண்டும் எடுத்து நிறுத்தலாம். படியெடுத்த எழுத்தைக்கொண்டு கல்வெட்டையும் பயிலலாம். முறையறிந்த முதியோர் எழுதப்படாது மறைவரேல், அவர் நெஞ்சிலிருந்த முறையை மீட்கும் வழி யாதும் இல்லை.

ஆதலின் கடற்கரைத் தலங்களைக் காணச் செல்லும் அன்பர்கள், கோபுரத்தின் நிலைகளை எண்ணுவதோடு அமையாது, திருவீதியில் திருமேனி தாங்குவாரையும், மண்டகப்படி உடையாரையும், ஓதுவாமூர்த்திகளையும், துறையிற் படகு செலுத்துவாரையும் அணுகிக் கேட்டு, நாளும் ஆண்டும் இட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஆராய்ச்சியாளர் கோயிலைப் பதிந்து தந்தனர். அடியாரைப் பதிதல் அடியார் கடன். இரண்டும் கூடியவழியே அச்சூத்திரம் பணித்த வழிபாட்டிற்குத் துணையாகும் பதிவு நிறைவெய்தும்.