தனிமொழிக்குள் ஒரு 'நாம்'

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியில், இளவரசன் இருப்பையும் இன்மையையும் எடைபோட்டு உரைக்கும் தனிமொழியை அறியாத இலக்கிய வாசகர் அரியர். எனினும் அதனுள் பொதிந்துள்ள இலக்கணச் செய்தியொன்று போதிய கவனம் பெறவில்லை என்றே கருதுகிறோம். ஒஃபீலியாவைக் கண்ணுறும் வரை அவ்வுரையில் 'நான்' என்னும் சொல்லே இல்லை. 'நாம்' என்றே இளவரசன் பேசுகின்றான். வலியோர் இழைக்கும் கொடுமை, முடிவின்றி இழுபடும் வழக்கு, பதவியில் இருப்போரின் இறுமாப்பு என அவன் அடுக்கும் துன்பங்களும் அரண்மனைப் பிள்ளைக்கு நேர்பவை அல்ல, குடிமக்களுக்கு நேர்பவை. இந்த 'நாம்' யார் என்பதற்கு ஒவ்வொரு நடிகரும் விடை கூறியாக வேண்டும்.

1948-இல் லாரன்ஸ் ஒலிவியர் தாமே இயக்கி நடித்த படத்தில் இவ்வினா எழுவதேயில்லை. கோட்டை உச்சியில், கடலுக்கு மேலே, பாதி மனக்குரலாகவும் பாதி வாய்மொழியாகவும் அவர் உரைக்கின்றார். கையிலிருந்த குறுவாள் கடலில் வீழ்கிறது. ஒஃபீலியாவுடனான மோதலுக்குப் பின்னதாக உரையை அவர் நகர்த்தியமையால், அது காதல் முறிந்தவனின் சோர்வாகச் சுருங்கிவிடுகிறது. குரல் இனிமையானதுதான், ஆனால் அங்கே 'நாம்' வெறும் 'நான்' ஆகிவிட்டது.

கெனத் பிரானா 1996-இல் கண்ணாடி மண்டபமொன்றில் தன் உருவத்தை நோக்கியே பேசினார். ஆடியின் மறுபுறம் மன்னனும் பொலோனியஸும் ஒளிந்து கேட்கின்றனர். குறுவாள் உருவப்படும்போது தன்னை நோக்கியே அது வருவதாக மன்னன் திடுக்கிடுகிறான். தனிமொழி முற்றிலும் தனிமையானதன்று என்னும் உண்மையை இக்காட்சி நுட்பமாக உணர்த்துகிறது.

இன்னகென்டி ஸ்மோக்துனோவ்ஸ்கியோ 1964-இல் கோசின்ட்செவின் சோவியத் படத்தில், உதடு அசையாமல், கடலோரப் பாறைகளிடையே நடந்தவாறே சிந்திக்கிறார். இரண்டாம் உலகப் போரில் கைதியாகி, தப்பி மீண்டவர் அவர். பேச இயலாத நாட்டில் எண்ணுவதே செயலாகிறது என்பதை அந்த மௌனம் சொல்கிறது. மரணத்திற்கு அப்பால் உள்ளதைப் பற்றிய அச்சத்தை இவரளவு அடக்கமாக வெளிப்படுத்தியவரை நாம் கண்டதில்லை.

விஷால் பரத்வாஜின் 'ஹைதர்' (2014) இவற்றினின்றும் முற்றாக விலகுகிறது. கதைக்களம் 1995-இன் காஷ்மீர். தந்தை காணாமற்போன மகனாக ஷாகித் கபூர், மழித்த தலையும் கழுத்தில் சுருக்குக் கயிறுமாக நாற்சந்தியில் கூட்டத்தின் முன் கோமாளியென நின்று, ஆயுதப் படையினருக்குச் சிறப்பதிகாரம் வழங்கும் சட்டத்தை ஒப்பிக்கிறார். தன்னைக் குறித்த தயக்கம் காதலியிடம் பேசும் வேறொரு காட்சிக்குச் சென்றுவிட, சந்தியில் ஒலிப்பது ஒரு மக்கள்கூட்டத்தின் இருப்பைப் பற்றிய வினா மட்டுமே. நான்கு நூற்றாண்டுகளாக மூலத்தில் உறங்கிய 'நாம்' இங்கே விழித்துக்கொண்டது எனலாம். அதற்கு அவர் செலுத்திய விலையும் சிறிதன்று: மறுமை குறித்த அச்சம், உரையின் நடுப்பகுதியே அதுதான், ஏறத்தாழ மறைந்துபோயிற்று.

உருதுவின் 'ஹம்' தன்மை ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாகப் பயிலும் சொல். கபூருக்கு அந்த இருபொருள் கைகொடுத்தது. தமிழில் நடிப்பவருக்கு அவ்வசதி இல்லை. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்', அவர்களை விலக்கி நிறுத்தும் 'நாங்கள்' என்னும் இரண்டில் ஒன்றை அவர் முதலிலேயே தெரிந்தாக வேண்டும். நாற்சந்தியில் குழுமியோரிடம் பேசுவதாயின் முன்னது பொருந்தும். சட்டத்தை இயற்றியோரிடம் பேசுவதாயின் பின்னதே பொருந்தும்.