புள்ளலூர்ப் போர்ச்சித்திரம்

பதுளைத் தோட்டத்து லயமொன்றில் பிறந்து, 1818-ஆம் வருஷத்தில் ஊவா மக்களின் கிளர்ச்சி ஆங்கிலேயரால் அடக்கப்பட்ட கதையைக் கேட்டே வளர்ந்த எனக்கு, ஒரு சேனையின் வீழ்ச்சியைச் சித்திரமாகத் தீட்டுவது எத்தகைய கலை என்பது, சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் எதிரே நின்றபோதுதான் விளங்கிற்று.

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சூழ்ந்து முறியடித்த காட்சியே அங்கே விஸ்தாரமாக விரிகிறது. செஞ்சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்திருக்க, அவர்கள் நடுவே காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்க, வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதற, தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் பிரெஞ்சுத் தளபதி லாலி நோக்கி நிற்க, குதிரைகளும் வாள்களும் வெட்டுண்ட தலைகளுமாய் அச்சுவரில் கண் இளைப்பாற இடமே இல்லை. தூரத்தையும் அண்மையையும் பிரித்துக் காட்டும் மேனாட்டு முறையை ஓவியன் நாடவில்லை. அதை நான் குறையாக எண்ணவில்லை, போரின் நெரிசலை உணர்த்தும் சாமர்த்தியமே அதுதான்.

விந்தை யாதெனில், 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய வெல்லெஸ்லியும், பின்னர் டல்ஹௌசியும், தம் இனத்தவரின் தோல்வியைக் காட்டும் இச்சித்திரத்தைச் செப்பனிடச் செய்தார்கள். பெய்லி அந்நகரத்துச் சிறையிலேயே 1782-இல் மாண்டார். 1818 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய எங்கள் ஊவாவின் கெப்பெட்டிபொல திசாவையின் மண்டையோடோ, எடின்பரோவிலிருந்து 1954-இல்தான் தாயகம் திரும்பியது.